பாண்டியம்மாளும் டியூப் பம்பும்

பாண்டியம்மாளுக்கு மன்னிக்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லைன் வீட்டுக் குழாயடியில் குடத்தை முந்தி வைத்த பக்கத்து வீட்டுக்காரியோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவள். அந்தப் பெண் வீட்டைக் காலி செய்து போகிற அன்று மட்டும் வாசலுக்கு வந்து, "நல்லபடியாப் போய்ட்டு வா. ஆனா நான் மறக்கல" என்று வழியனுப்பி வைத்தாள். மன்னிப்பது பெரிய குணம் என்று பலரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். கண் போனவன் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து சொல்லிப் பார்க்கட்டும்.

என் பெயர் அருள்குமார். மங்கலம் ரோட்டில் பம்பு விற்பதும் பழுது பார்ப்பதும் என் பிழைப்பு. சாயப்பட்டறைகளில் கெமிக்கலை அளவாக விடுவதற்கென்று சிறிய பம்புகள் உண்டு. அவற்றை மாட்டிக் கொடுத்துவிட்டு, அவை மக்கர் செய்யும் போதெல்லாம் ஓடிப்போய் நிற்பேன். அப்படிப் போன ஒரு பட்டறையில்தான் பாண்டியம்மாளைப் பார்த்தேன். எந்தப் பட்டறை என்று கேட்காதீர்கள். சொன்னால் எனக்கு அடுத்த ஆர்டர் வராது.

அவளுக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே. மழை பொய்த்த ஒரு வருஷம் சித்தியோடு திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தாள். டெய்லர் தைக்கத் தைக்கத் துணியை மடித்து எடுத்துக் கொடுக்கிற வேலை. அவளுடைய வாய்க்குப் பயந்து டெய்லர்கள் ஒழுங்காகத் தைத்தார்கள் என்று கேள்வி. பிறகு மூக்கையாவைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவரும் தெற்கத்திக்காரர். நான் சொல்கிற பட்டறையில் கழிவுநீரைச் சுத்திகரிக்கிற பிளான்ட்டில் வேலை. அதிர்ந்து பேச மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து அவள் பேசினாள்.

மூக்கையாவுக்கு இருந்த ஒரே பிடிவாதம் பழனி. பட்டறையிலிருந்து வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு ஒரு கூட்டம் நடந்து போகும். பாய்லர் வேலை பார்க்கிற வேலுமணிதான் தலைவர். நெசவுக் குடும்பத்துக்காரர், பெயருக்கேற்ற முருக பக்தர். அவர் கையால் மாலை போட்டுக்கொண்டால் அன்றிலிருந்து விரதம், தரையில் படுக்கை, காலில் செருப்பு கிடையாது. கெமிக்கல் பக்கம் போகும்போது மட்டும் பூட்ஸ் போட்டுக்கொள்ளலாம் என்று வேலுமணி ஒரு சலுகை கொடுத்திருந்தார். மாலை போட்டவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. முதலாளியே வந்தாலும் "வாங்க சாமி" என்றுதான் கூப்பிட வேண்டும். வருஷம் முழுக்க "டேய் மூக்கா" என்று விரட்டப்பட்ட மனிதனுக்கு அந்த "சாமி" எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி பிரபாகருக்கு வருகிறேன். பிளான்ட் சூப்பர்வைசர். கொங்குக்காரன் நான், தெருநாய்க்கும் ஒரு 'ங்க' போட்டுப் பழகியவன். எழுதும்போது இவனுக்கு மட்டும் மரியாதை போட எனக்கு மனம் வரவில்லை.

அப்போது அங்கே இருந்தது பழைய மாதிரிப் பம்பு. உள்ளே ஒரு ரப்பர் தகடு முன்னும் பின்னும் அசையும், மேலேயும் கீழேயும் ஒரு குண்டு வால்வு இருக்கும். தண்ணீருக்கு அது நல்ல பம்பு. ஹைப்போவுக்கு ஆகாது. சாயத் தண்ணீரை வெளுப்பதற்கு ஊற்றுகிற ஹைப்போ சும்மா வைத்தாலே வாயு விடும். அந்த வாயு வால்வுக்குள் மாட்டிக்கொண்டால் தகடு காற்றையே அமுக்கிக்கொண்டு கிடக்கும். டக் டக் என்று சத்தம் கேட்கும், சொட்டு வராது. அப்படி ஆனால் பம்பை நிறுத்தி, லைனை மூடி, அழுத்தத்தை இறக்கிவிட்டுத்தான் பைப்பு சேர்கிற மூட்டைத் திறக்க வேண்டும்.

மூக்கையா மாலை போட்டிருந்த ஒருநாள் பம்பு அப்படி மாட்டிக்கொண்டது, கழிவுநீர்த் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தது. பிரபாகருக்குப் பொறுமை இல்லை. "நிறுத்தாத, ஓடட்டும். அப்படியே லூஸ் பண்ணு" என்றான். கண்ணுக்குப் போடுகிற கண்ணாடியெல்லாம் அவன் அறை பீரோவில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. மூக்கையா மூட்டைத் தளர்த்திய நொடியில் மாட்டியிருந்த வாயு விலகி, அத்தனை ஹைப்போவும் முகத்தில் அடித்தது. வலது கண்ணை டாக்டர்கள் காப்பாற்றினார்கள். இடது கண் போய்விட்டது.

கண் போனதைக் கூடப் பாண்டியம்மாள் விதி என்று விட்டிருக்கலாம். விட்டிருக்க மாட்டாள், ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். அதற்குப் பிறகு பிரபாகர் செய்ததுதான் பெரிய பாவம். முதலாளியிடம் தன் தலை தப்புவதற்காக, "மூக்கையா குடிச்சுட்டு வந்துட்டானுங்க. மாலையப் போட்டுட்டே குடிச்சிருக்கானுங்க" என்று சொன்னான். பட்டறைக் கூட்டத்துக்கு முன்னால் கற்பூரத்தில் அடித்துச் சத்தியமும் செய்தான்.

வேலுமணிக்கு அந்தச் சத்தியம் போதுமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனார். இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டுப் படுத்திருந்த மூக்கையாவின் கழுத்திலிருந்து மாலையைக் கழற்றினார். மூக்கையா மாலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வேலுமணி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கால்மாட்டில் நின்று பாண்டியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கழற்றிய மாலையை வீசி எறியக் கூடாது என்பதால், பட்டறை வாசலில் இருக்கிற முருகன் மாடத்து வேலில் அதை மாட்டிவிட்டார்கள். கொஞ்ச நாளில் முதலாளி மனம் இரங்கி, மூக்கையாவின் வேலையைப் பாண்டியம்மாளுக்குக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு நாளும் அந்த முருகன் மாடத்தைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும்.

"ஏம்மா, இதே எடத்துக்கு எப்படி வேலைக்கு வர முடிஞ்சுது உங்களால?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எதிராளி இருக்க எடத்துலதான சார் நாம நிக்கணும்" என்றாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். எந்தக் கூட்டத்துக்கு முன்னால் தன் புருஷனைக் குடிகாரன் என்றானோ அதே கூட்டத்துக்கு முன்னால், அதே வாயால், பிரபாகர் அவரைச் சாமி என்று கூப்பிட வேண்டும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். பிரபாகர் அவ்வளவு கெட்டிக்காரன்கூட இல்லை, ஆனாலும் அவன் புளுகு வருஷங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. "அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்" என்று நான் சமாதானம் சொன்னேன். "எம்புட்டு நேரம் சார் நிக்கும்? அதுக்குக் கால் வலிக்காதா?" என்று கேட்டாள்.

விபத்துக்குப் பிறகு முதலாளி பழைய பம்பைத் தூக்கிவிட்டு என்னிடம் டியூப் பம்பு வாங்கினார். பெரிஸ்டால்டிக் பம்பு என்பது அதன் முழுப் பெயர், பட்டறையில் யாருக்கும் வாயில் நுழையாது. மாட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஒரு குறையும் இல்லை. திடீரென்று ஒருநாள் பிரபாகர் போன் செய்தான்.

"ஏனுங்க அருள்குமார், விக்கறப்ப இனிக்க இனிக்கப் பேசுனீங்க. இப்ப உங்க பம்பு சும்மா சுத்துதுங்க. சொட்டு இழுக்கறதில்லீங்க."

போய் மூடியைக் கழற்றினால் எனக்கு ரத்தம் கொதித்தது. உள்ளே இருந்தது கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற குழாய். நான் கொடுத்த டியூப் தேய்ந்துபோயிருக்கிறது, என்னைக் கூப்பிடாமல், ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிற மட்டக்குழாயை வாங்கிச் செருகியிருக்கிறான். அளவு சரியாக இருந்ததாம்.

"சார், இது சுவரு கட்டறதுக்குங்க. பம்புக்கு இல்லீங்க" என்றேன். பாண்டியம்மாளும் பக்கத்தில் நின்றதால் இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி விளக்கினேன்.

இந்தப் பம்பில் ஒளிவு மறைவு கிடையாது. வளைந்த கூட்டுக்குள் ஒரு டியூப். நடுவில் சுற்றுகிற சக்கரத்தில் உருளைகள். பிள்ளைகள் பாக்கெட் ஐஸை அடியிலிருந்து நசுக்கி நசுக்கி வாய்க்கு ஏற்றுவார்களே, அதே வேலைதான். உருளை டியூபை நசுக்கிக்கொண்டு போகும், முன்னால் இருக்கிற திரவம் நகரும். ஒரு உருளை விடுவதற்கு முன் அடுத்தது பிடித்துக்கொள்ளும், அதனால் திரவம் பின்னால் ஓடாது, வால்வே தேவையில்லை. வால்வு இல்லையென்றால் வாயு எங்கே மாட்டும்? திரவத்தோடு சேர்ந்து அதுவும் போய்விடும். ஹைப்போ டியூபின் உள்பக்கத்தை மட்டும்தான் தொடுகிறது, பம்பின் இரும்பைத் தொடுவதே இல்லை, அரிக்காது. ஹைப்போ டிரம் காலியாகிக் காய்ந்து ஓடினாலும் பம்பு கெடாது. ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று கணக்காகப் போகும். அவ்வப்போது டியூபை மட்டும் மாற்ற வேண்டும். அதுவும் அதற்கென்று செய்த டியூபாக இருக்க வேண்டும்.

"சரிங்க, இதுவும் டியூப்தானுங்க? உருளை இதையும் அமுக்குதில்லீங்க?" என்றான் பிரபாகர்.

"அமுக்குதுங்க. ஆனா அமுங்குன டியூப் மறுபடி எழுந்து உருண்டையாகணுங்க. அது எழும்பறப்பதான் டிரம்முல இருந்து இழுக்கும். மட்டக்குழாய் அமுங்குனா அமுங்குனதுதானுங்க, தட்டையாவே கெடக்கும்."

பாண்டியம்மாள் அந்த நசுங்கிய மட்டக்குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அப்ப அமுக்குறவன் இழுக்கல சார். அமுங்குனது எந்திரிக்குதுல்ல, அதுதான் இழுக்குது" என்றாள். என்னிடம்தான் சொன்னாள், பார்த்தது பிரபாகரை. அவன் போனை எடுத்து நோண்ட ஆரம்பித்தான்.

அவன் போன பிறகு என்னை நிற்க வைத்துக் கேள்வி கேட்டாள். "போற வழிய மூடிட்டு இதை ஓட்டுனா என்னாகும்?"

"அய்யய்யோ, அப்படி ஓட்டக் கூடாதுங்க. இது தள்ளிக்கிட்டே இருக்கும். பைப்பு உப்பிக்கும். எந்த மூட்டு தளர்ந்திருக்கோ அதுவழியா பீச்சி அடிக்கும்."

"அடைச்சுக்கிட்டா என்ன செய்யணும்?"

"மூட்டுல கையே வெக்க வேண்டாங்க. சுவிட்ச்ச ரிவர்ஸ்ல போடுங்க. சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்தி, பைப்புல இருக்கறதை டிரம்முக்கே இழுத்துக்கும். அழுத்தமும் எறங்கிரும்."

அவள் அந்தச் சுவிட்சைத் தொட்டுப் பார்த்தாள். "இது அன்னிக்கு இருந்திருந்தா எங்க வீட்டுக்காரரு கண்ணு இருந்திருக்கும்" என்றாள்.

போன தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை கிளம்புகிற காலை. பட்டறை வாசலில் முதலாளி வீட்டு இட்லியும் பொங்கலும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பச்சை வேட்டியும் மாலையுமாக வேலுமணியின் கூட்டம் மொத்தமும் நின்றது. பம்புக்கு டியூப் மாற்றுகிற நாளும் அன்றாக அமைந்தது. நாள் குறித்து என்னை வரச் சொன்னது பாண்டியம்மாள்தான் என்பதை இப்போது யோசித்தால் புரிகிறது.

புது டியூப் போட்டால் நான் நேரடியாக ஹைப்போவில் ஓட்ட மாட்டேன். முதலில் உறிஞ்சுகிற முனையை ஒரு வாளித் தண்ணீரில் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். ஒழுகினால் தண்ணீர்தானே ஒழுகும். அன்றும் அப்படியே வாளியில் போட்டேன். டிரம்முக்குப் பின்னால் இருந்ததால் வாளி வெளியே தெரியாது. பைப்பில் மிச்சமிருந்த ஹைப்போவைத் தண்ணீர் கழுவித் தள்ளியதும், பாண்டியம்மாள் போய்ப் பைப்பு முடிகிற இடத்து வால்வை மூடினாள். நான் பார்த்தேன். பைப்பு மெல்ல விறைத்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் குனிந்து என் ஸ்பேனர்களைத் துடைக்க ஆரம்பித்தேன்.

அவள் வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். "சார், ஹைப்போ போக மாட்டேங்குது. தொட்டி நெறையுது."

பிரபாகர் இட்லித் தட்டை வைத்துவிட்டு வந்தான். என்ன சங்கதி என்று வேலுமணியும், அவர் பின்னால் மாலை போட்ட நாலைந்து பேரும் வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் பிரபாகருக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"என்னம்மா இது? அந்த மூட்டை லூஸ் பண்ணு. காத்துப் போனா சரியாயிரும்."

"ஓடுறப்பயா சார்? நிறுத்திட்டுத் தொறக்கவா?"

"நிறுத்துனா தொட்டி வழியுமில்ல? ஓடட்டும். அப்படியே தொற."

அதே வார்த்தைகள். அவனுக்கு ஞாபகம்கூட இல்லை. பாண்டியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எனக்குத் தெரியாது சார். எப்படின்னு நீங்களே தொறந்து காட்டுங்க."

இத்தனை பேர் பார்க்கும்போது பின்வாங்க முடியுமா? கண்ணாடியும் போடாமல் குனிந்தான். மூட்டை அரைச் சுற்றுத் திருப்பினான். பீச்சியது நேராக முகத்தில் அடித்தது.

அவன் போட்ட கூச்சல் பாய்லர் சத்தத்தையும் மீறியது. "ஐயோ, கண்ணு! ஹைப்போ! தண்ணி ஊத்துங்க, தண்ணி!" இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தான். பாண்டியம்மாள் பம்புச் சுவிட்சை ரிவர்ஸில் தட்டினாள். பீச்சுவது நின்றது. முகம் கழுவுகிற ஹோஸைக் கையில் எடுத்தாள், குழாயைத் திறக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு அன்னிக்குக் குடிச்சிருந்தாகளா சார்?"

"அம்மா, தாயே, தண்ணி ஊத்தும்மா!"

"குடிச்சிருந்தாகளா?"

"இல்லம்மா, இல்ல! குடிக்கல! நாந்தான் ஓடறப்பவே தொறக்கச் சொன்னேன். பயத்துல அப்படிச் சொல்லிட்டேன். கண்ணு போகுதும்மா, ஊத்தும்மா!"

"சத்தியமா?"

"அந்த முருகன் மேல சத்தியம்!"

பாண்டியம்மாள் ஹோஸை இருந்த இடத்திலேயே மாட்டினாள். "கண்ணு எங்கயும் போகாது சார். உங்க மூஞ்சில இருக்குறது தண்ணிதான்."

பிரபாகர் கையை எடுத்தான். ஒரு கண்ணைத் திறந்தான், பிறகு இன்னொன்றையும் திறந்தான். உதட்டை நக்கிப் பார்த்தான். டிரம்முக்குப் பின்னால் இருந்த வாளியை நான் முன்னால் இழுத்து வைத்தேன். எனக்கு இனித்தது. மறைப்பானேன்?

யாரும் சிரிக்கவில்லை. வேலுமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சாமி கழுத்துல இருந்த மாலைய இந்தக் கையாலதானுங்க கழட்டுனேன்" என்றார். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு எழுந்து பாண்டியம்மாளிடம் வந்து, "நீங்க என்னை மன்னிச்சுருங்க அம்மிணி" என்றார்.

"ஒங்களுக்கு அப்புறம் இருக்கு. மொதல்ல மாலைய எடுங்க" என்றாள்.

"மாலைய எடுத்தரலாங்க. ஆனா வெரதம் இல்லாம எப்படீங்க போடறது?"

"அவுக ஒரு வருஷம்கூட வெரதத்தை விடல. கார்த்திகை பொறந்தா ஒருவேளைச் சோறு, வெறுந்தரையில படுக்கை. மாலை ஒண்ணுதான் கழுத்துல இல்ல."

வேலில் தொங்கிய மாலையில் தூசி படிந்திருந்தது. வேலுமணி அதைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பின்னால் இருக்கிற லைன் வீட்டுக்கு ஓடினார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வரும்போது மூக்கையா முன்னால் நடந்து வந்தார், கழுத்தில் மாலை, காலில் செருப்பு இல்லை. ஒரு கண்தான் என்பதால் அடியைப் பார்த்துப் பார்த்து வைத்தார். வாசலில் நின்ற அத்தனை பேரும் "வாங்க சாமி, வாங்க சாமி" என்றார்கள். "முருகனுக்கு அரோகரா" என்று யாரோ எடுத்துக் கொடுக்க, பட்டறையே அதிர்ந்தது.

கிளம்புவதற்கு முன்னால் எல்லோரும் மாலை போட்டவர்கள் காலைத் தொட்டுத் திருநீறு வாங்குவது வழக்கம். அன்று எல்லோரும் மூக்கையாவிடம் போனார்கள். நானும் போனேன். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பதை நேரில் பார்த்தேன். கடைசியில் பிரபாகர் ஒருவன்தான் மிச்சம். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. சங்கதி அதற்குள் முதலாளி காதுக்கும் எட்டியிருந்தது, அவர் பார்வை அவன் மேலேயே இருந்தது. வேறு வழியில்லாமல் மூக்கையாவின் இடது பக்கமாக வந்து நின்று, உதடு அசையாமல் என்னவோ முனகினான்.

பாண்டியம்மாள் விடுவாளா? "அந்தப் பக்கம் நின்னா அவுகளுக்கு ஆளு தெரியாது சார். இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க."

கூட்டம் வழி விட்டது. பிரபாகர் முன்பக்கமாகச் சுற்றி, வலது பக்கம் வந்தான். மூக்கையா அந்த ஒரு கண்ணால் அவனைப் பார்த்தார்.

"சாமி" என்றான் பிரபாகர். எல்லோருக்கும் கேட்டது. குனிந்து காலைத் தொட்டு நிமிர்ந்தான்.

மூக்கையா தட்டிலிருந்து திருநீற்றை எடுத்தார். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் சரியாகப் பிடிபடுவதில்லை. கட்டைவிரல் மெல்ல வந்தது, நெற்றிக்கு வராமல் கொஞ்சம் கீழே, இடது கண்ணுக்கு நேராக வந்தது. பிரபாகர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டான். விரல் ஒரு கணம் நின்று, மேலே ஏறி, நெற்றியில் பட்டது. அதற்குப் பிறகும் அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"கண்ணத் தொறங்க சார்" என்றாள் பாண்டியம்மாள். "திருநீறுதான்."